ஓலைப்பெட்டியும் தங்க ஃபாயிலும்

பெட்டியை மாற்றினால் பொருளின் மதிப்பு கூடுமா? கூடினால் அந்த மதிப்பு யாருக்குப் போகிறது? சின்னத் தொழில் செய்கிற எல்லோரும் கேட்கும் கேள்விக்குப் பதில் தேடி ஒரு பயணம்.

சிவகாசியில் ஆடிப்பெருக்கு முடிந்த வாரம். அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்கள் வெளியாகிவிட்டன. அச்சகங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. கீழ்த்தளத்தில் ஓடும் ஆஃப்செட் மெஷினின் அதிர்வு மாடிப்படியில் கால் வைக்கும்போதே தெரிகிறது. மாடியில் மை வாசம் அடிக்கும் ஒரு சின்ன டிசைன் அறை. கம்ப்யூட்டர் முன்னால் ஓர் இளைஞர். அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றபடி திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார் ஒரு பெண். உடன்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டு ஊரிலிருந்து விடியற்காலை பஸ் ஏறி வந்தவர். குடும்பமே கருப்பட்டி காய்ச்சுகிறது. தீபாவளிக்கு முன்னால் 'நல்லா ஒரு பாக்ஸ்' போட வேண்டும் என்பது அவர் ஆசை.

திரையில் கன்னங்கரேலென்று ஒரு பெட்டி. நடுவில் தங்க நிறத்தில் ஆங்கிலப் பெயர். அதற்கு மேலே கிரீடம். சுற்றிலும் கொடி வேலைப்பாடு. கீழே பிரீமியம், ராயல், ஹெரிட்டேஜ் என்று மூன்று வார்த்தைகள். ஓரத்தில் ஒரு மரத்தின் நிழலுருவம்.

"தம்பி, இது தென்ன. எங்களது பன."

இளைஞர் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு படத்தை நீக்குகிறார். மரம் போன பிறகு பார்த்தால், அந்தப் பெட்டிக்குள் சாக்லேட் இருக்கலாம், பேரீச்சம்பழம் இருக்கலாம், கைக்கடிகாரம்கூட இருக்கலாம். கருப்பட்டி என்று சொல்ல அதில் ஒன்றுமே மிச்சமில்லை.

அந்தப் பெண் தன் பையைத் திறந்து ஒரு பொருளை எடுத்து மேசையில் வைத்தார். பனை ஓலையில் முடைந்த சின்னப் பெட்டி. மூடியைத் திறந்ததும் புகையும் இனிப்பும் கலந்த வாசம் மை வாசத்தைத் தள்ளிக்கொண்டு வந்தது. "எங்கம்மா காலத்துல இதுலதான் போகும். இத வெச்சு ஏதாச்சும் செய்ய முடியுமா?" என்று கேட்டார். கேட்கும்போது குரலில் ஒரு கூச்சம் இருந்தது. பழசைக் கொண்டுவந்து காட்டுகிறோமே என்ற கூச்சம்.

இந்தக் கட்டுரை அந்தக் கூச்சத்தைப் பற்றியதுதான்.

வீட்டுக்கு ஒரு பிராண்ட்

நான்கைந்து ஆண்டுகளாகத் தெருவுக்கு ஒருவராவது சொந்தமாக ஏதோ ஒன்றைச் செய்து விற்கத் தொடங்கியிருக்கிறார்கள். மரச்செக்கு எண்ணெய், சத்துமாவு, குளியல் பொடி, சிறுதானிய லட்டு, கையால் செய்த சோப்பு. கடை வாடகை இல்லை. செல்போனில் படம், ஜி-பே, கூரியர் இருந்தால் போதும். பொருளைச் செய்வது எளிதாகிவிட்டது. கூட்டத்தில் தெரிவதுதான் கஷ்டமாகிவிட்டது. வாங்குகிறவர் முகர்ந்து பார்க்க முடியாது, தொட்டுப் பார்க்க முடியாது. கை அகலத் திரையில் அவர் பார்ப்பது பெட்டியை மட்டும்தான். அதனால்தான் 'பிரீமியம் லுக் வேணும்' என்ற வார்த்தையை இன்றைக்கு எந்த டிசைன் அறையிலும் நாளுக்குப் பத்து தடவை கேட்க முடிகிறது.

கேட்டதும் கிடைக்கிற பதில் பெரும்பாலும் ஒன்றே: கறுப்பு, தங்கம், ஆங்கிலம். எல்லோரும் அதையே செய்வதால் அலமாரியில் எல்லாம் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் மாதிரி நிற்கின்றன. தனித்துத் தெரியச் செலவழித்த பணம், கூட்டத்தில் கலந்துபோவதற்கே பயன்பட்டுவிடுகிறது.

நாக்குக்கு முன்னால் கண்

பெட்டிக்கும் ருசிக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டால், உண்டு. 2008-ல் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தையும் ஸ்டான்ஃபோர்டையும் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே ஒயினை 5 டாலர் என்று சொல்லி ஒருமுறையும், 45 டாலர் என்று சொல்லி இன்னொருமுறையும் குடிக்கக் கொடுத்தார்கள். விலை அதிகம் என்று கேட்டதும் ருசி கூடுதல் என்றார்கள் குடித்தவர்கள். வெறும் வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை; மூளையை ஸ்கேன் செய்தபோது, இன்பத்தை உணரும் பகுதியே உண்மையில் அதிகமாகத் துடித்தது. ஆக்ஸ்ஃபோர்டில் சார்லஸ் ஸ்பென்ஸ் குழுவினர் ஒரே தயிரைக் கனமான கிண்ணத்திலும் லேசான கிண்ணத்திலும் கொடுத்துப் பார்த்தார்கள். கனமான கிண்ணத்துத் தயிருக்கே மதிப்பெண் கூடியது. அதற்கும் வெகு காலம் முன்பே, 1940-களில், லூயி செஸ்கின் என்ற அமெரிக்கர் வெள்ளையாக இருந்த மார்ஜரினுக்கு மஞ்சள் நிறம் கொடுத்து ஃபாயில் தாளில் சுற்றவைத்தார். வெண்ணெயைப் போலவே இருக்கிறது என்று மக்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இதற்கு ஆய்வு தேவைப்பட்டதில்லை. டவராவில் ஆற்றிக் கொடுத்த காபிக்கும் காகிதக் கப்பில் ஊற்றிய அதே காபிக்கும் உள்ள தூரம் அவர்களுக்குத் தெரியும். வாழையிலையில் கட்டிய சோற்றுப் பொட்டலம் மணப்பது இலையால் பாதி, அதைப் பிரிக்கும்போது மனதில் எழும் எதிர்பார்ப்பால் பாதி.

ஆனால் இந்த ஆய்வுகளை வைத்து 'பெட்டி பளபளத்தால் போதும்' என்று முடிவுக்கு வருகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். ஒயின் சோதனையில் கொடுத்தது சின்னச் சின்ன மிடறுகள்தான். சின்னத் தொழில் ஒரு மிடறில் பிழைப்பதில்லை. அதே வாடிக்கையாளர் இரண்டாவது மாதமும் பத்தாவது மாதமும் வந்தால்தான் அடுப்பு எரியும். முதல் தடவை வாங்க வைப்பது கண். இரண்டாவது தடவை வாங்க வைப்பது நாக்கு. பெட்டி சொன்னதை நாக்கு மறுத்தால், மோசமான பெட்டியில் வந்த மோசமான பொருளைவிட, அழகான பெட்டியில் வந்த மோசமான பொருள்மீதுதான் கோபம் அதிகம் வரும்.

பொருளே வரைந்துவைத்த படம்

கருப்பட்டியையே எடுத்துக்கொள்வோம். பனையேறி காலையும் மாலையும் மரமேறிப் பாளையைச் சீவுகிறார். பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுகிறார். இறக்கிய பதநீரைக் கொப்பரையில் காய்ச்சி, பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றுகிறார்கள். அதனால்தான் கருப்பட்டிக்கு அந்த அரைக்கோள வடிவம். இப்படியொரு வடிவமும் அதற்கு இப்படியொரு காரணமும் எத்தனை இனிப்புகளுக்குச் சேர்ந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். ஒரு லோகோவுக்கு வேண்டிய அத்தனையும் அதில் இருக்கிறது: ஒரே கோட்டில் வரைந்துவிடலாம், தூரத்திலிருந்தே தெரியும், கதை சொல்லும். அந்தப் பெட்டியை வடிவமைத்தவர் அதை விட்டுவிட்டுக் கிரீடம் தேடிப் போயிருந்தார்.

1958-ல் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் தம்பதி இந்திய அரசின் அழைப்பில் இந்த நாட்டைச் சுற்றிப் பார்த்து ஓர் அறிக்கை எழுதினார்கள். இந்தியாவில் தாங்கள் பார்த்து வியந்த பொருட்களில் மிக அழகானது என்று அவர்கள் எடுத்துச் சொன்னது நம் வீட்டுச் சொம்பை. எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும், இடுப்பில் வைத்தால் எப்படி உட்கார வேண்டும், சாய்த்தால் எப்படி ஊற்ற வேண்டும், விளக்கித் துலக்க எப்படி இருக்க வேண்டும் என்று பல தலைமுறைகள் யோசித்து யோசித்துத் தேய்த்த வடிவம் அது என்று எழுதினார்கள். அந்த அறிக்கையின் விளைவாக 1961-ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் பிறந்தது.

சிவகாசிக்கே அப்படியொரு பரம்பரை உண்டு. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். இந்த ஊரின் அச்சுத் தொழில் அந்த வழியில் வளர்ந்தது. எழுத்துத் தெரியாதவர்களும் கடையில் படத்தைச் சொல்லித்தான் தீப்பெட்டி கேட்டார்கள். ஒரு மிருகம், ஒரு பூ, ஒரு பொருள், இரண்டு மூன்று அடர்த்தியான நிறங்கள், அவ்வளவுதான். கட்டைவிரல் அகலத்துக்குள் ஒரு பிராண்ட் முழுதாக உட்கார்ந்திருந்தது. பக்கத்துக் கோவில்பட்டியில் குடியேறி வரைந்த கொண்டைய ராஜுவும் (1898-1976) அவருடைய சீடர்களும் உருவாக்கிய தெய்வப் படங்கள் காலண்டர்களாக அச்சேறி வீட்டுக்கு வீடு பூஜையறைக்குள் போயின. இந்த மண்ணில் உட்கார்ந்துகொண்டு, வெளியூர் டெம்ப்ளேட்டைக் காசு கொடுத்து இறக்கிக்கொள்கிறோம் என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

புதுச்சேரியில் நடந்ததைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். 1978-ல் திலீப் கபூர் அங்கே ஒரு சின்னப் பட்டறையில் தோல் பை செய்யத் தொடங்கினார். ஹைடிசைன் என்று பெயர். பளபளப்புப் பூச்சு அடித்துத் தோலின் முகத்தை மறைப்பதே வழக்கமாக இருந்த காலத்தில், மரப்பட்டை, தாவரச் சாறு கொண்டு பதனிட்ட தோலை அதன் வரியும் சுருக்கமும் தெரியும்படியே விட்டார். பித்தளைக் கொக்கிகளைச் சேர்த்தார். தாவரப் பதனீடு தமிழகத்துக்குப் புதிதல்ல. ஆவாரம்பட்டையால் தோல் பதனிடுவது இங்கே பழைய தொழில். 2007-ல் லூயி விட்டான் பைகளை விற்கும் எல்.வி.எம்.எச். குழுமமே ஹைடிசைனில் 20 விழுக்காடு பங்கு வாங்கியது. ஆடம்பரப் பைகளின் தலைநகரத்தில் இருப்பவர்கள் புதுச்சேரிப் பட்டறையைத் தேடி வந்தது, அது அவர்களைப் போலவே இருந்ததால் இல்லை.

---
பெட்டிச் செய்தி: லேபிளில் இடம் ஒதுக்குங்கள்

அழகான டிசைனை முடித்துவிட்டுக் கடைசியில் 'இதையும் எங்காவது போடுங்க' என்று சட்ட விவரங்களைத் திணிப்பதால்தான் பாதிப் பெட்டிகள் அலங்கோலமாகின்றன. இவற்றுக்கு முதலிலேயே இடம் பிரித்துவிட வேண்டும்.

• உணவுப் பொருளுக்கு: பெயர், சேர்மானப் பொருட்கள் (எடையில் அதிகமானது முதலில்), ஊட்டச்சத்து விவரம், சதுரத்துக்குள் பச்சை வட்டமான சைவக் குறி, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, தயாரிப்பாளர் முகவரி.

• நிலக்கடலை, பால், கோதுமை போன்று சிலருக்கு ஒவ்வாமை தரக்கூடிய பொருட்கள் இருந்தால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

• நிகர எடை, எம்.ஆர்.பி., ஒரு கிராமுக்கு அல்லது ஒரு மில்லிக்கு என்ன விலை என்ற கணக்கு, புகார் தெரிவிக்கும் தொடர்பு விவரம் ஆகியவை எடையளவுச் சட்ட விதிகளின்படி கட்டாயம். எழுத்தின் குறைந்தபட்ச உயரம்கூட விதியில் உண்டு.

• கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும். கூடுதலாகத் தமிழில் போடத் தடை இல்லை. பெட்டியின் முகப்பில் தமிழ் இல்லை என்றால் அது சட்டம் தடுத்ததால் அல்ல.

• 'ஆர்கானிக்' என்று போட முறையான சான்று வேண்டும். 'இயற்கை', 'தூய', 'பாரம்பரிய' போன்ற சொற்களுக்கும் 2018-ம் ஆண்டு விதிகளில் நிபந்தனைகள் உண்டு.

• கோவில்பட்டி கடலை மிட்டாய் (2020), உடன்குடி பனங்கருப்பட்டி (2023) போன்றவற்றுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அந்த ஊரில் தயாரிப்பதாலேயே குறியீட்டு முத்திரையைப் போட்டுக்கொள்ள முடியாது; அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவுசெய்ய வேண்டும். பதிவகம் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது.
---

எழுத்துக்கு ஒரு முகம்

ஒரு பெட்டியை மட்டமாகக் காட்டுவதில் முதலிடம் நிறத்துக்கோ படத்துக்கோ இல்லை, எழுத்துக்குத்தான். தமிழ் எழுத்தை இடப்பக்கமும் வலப்பக்கமும் இழுத்துத் தட்டையாக்குவது, மேலும் கீழும் நீட்டி ஒல்லியாக்குவது, ஆங்கிலத்துக்கு ஓர் அழகான எழுத்துருவைத் தேர்ந்துவிட்டுத் தமிழுக்குக் கையில் கிடைத்ததைப் போடுவது. ஈகாரச் சுழி மேல்வரியிலும் ஊகாரக் கால் கீழ்வரியிலும் போய் இடிக்கின்றன. ஆங்கில எழுத்துகள் பெரும்பாலும் இரண்டு கோட்டுக்குள் அடங்கிவிடும். தமிழுக்கு மேலேயும் கீழேயும் காற்று வேண்டும். அதே வரி இடைவெளியைத் தமிழுக்கும் வைத்தால் எழுத்துக்கு மூச்சுத்திணறும்.

முன்பெல்லாம் நல்ல தமிழ் எழுத்துரு கிடைப்பதே அரிது என்று சொல்ல முடிந்தது. இன்றைக்கு அந்தக் காரணம் இல்லை. முக்த மலர், ஹிந்த் மதுரை, கட்டமரன், அனெக் தமிழ் என்று வணிகத்துக்கும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய திறந்த உரிம எழுத்துருக்கள் இருக்கின்றன. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்த கவிவாணர், பவனம் இரண்டும் அந்த வரிசையில் வரும். கவிவாணரில் கையால் எழுதிய சாய்வும் ஓட்டமும் இருக்கும். ஒரு பிராண்டுக்கு ஒன்று போதும்; அதிகம் போனால் இரண்டு. ஒரே பெட்டியில் ஐந்து எழுத்துருக்களைப் பார்த்தால், ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேசுகிற வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழில் பெயர் போட்டால் 'லோக்கலாத்' தெரியும் என்று பயப்படுகிறவர்களை இந்தப் பயணத்தில் நிறையப் பார்த்தேன். பெரும்பாலும் அவர்கள் விற்பதும் தமிழர்களுக்கே. தாய்மொழியில் எழுதினால் மதிப்புக் குறையும் என்று வாங்குகிறவர் சொல்லவில்லை. விற்கிறவர் தானாக முடிவுசெய்துகொள்கிறார். ஓலைப்பெட்டியை எடுத்து வைக்கும்போது அந்தப் பெண் குரலில் கேட்ட கூச்சமும் இதுதான்.

மஞ்சப்பை இதற்கு நல்ல சாட்சி. கல்யாணத் தாம்பூலத்துக்கும் ஜவுளிக்கடைக்கும் அச்சடித்த அந்தத் துணிப்பையைக் கையில் வைத்திருப்பவரைப் பட்டிக்காட்டான் என்று சினிமா கிண்டல் செய்த காலம் உண்டு. 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் 14 வகை ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது; 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தை அரசே தொடங்கியது. இன்று புத்தகக் கண்காட்சியில் அதே மஞ்சள் பையை விரும்பிக் கேட்டு வாங்கித் தோளில் மாட்டிக்கொள்கிறார்கள். பை மாறவில்லை. அதைப் பிடித்திருக்கும் கை நிமிர்ந்திருக்கிறது.

மெஷின்காரர் சொன்ன பாடம்

கீழ்த்தளத்தில் முப்பது வருடமாக மெஷின் ஓட்டுகிற பெரியவர் ஒருவர் லென்ஸை ஷீட்மீது வைத்துப் புள்ளிகளைக் காட்டினார். "திரையில வெளிச்சம் தெரியுது தம்பி. காகிதத்துக்கு ஏது வெளிச்சம்? அது மையைக் குடிக்கும்" என்றார். செல்போனில் பார்த்து ஓகே சொன்ன பச்சை, டூப்ளெக்ஸ் அட்டையில் மங்கிப்போவதற்கு இதுதான் காரணம். நான்கு வண்ணத்தையும் கலந்து ஒரு பழுப்பைக் கொண்டுவந்தால் ஒவ்வொரு லாட்டிலும் அது கொஞ்சம் மாறும். அதே பழுப்பைத் தனி மையாகக் கலந்து ஒற்றை வண்ணமாக ஓட்டினால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வரும். ஒரு பிளேட்தான், செலவும் குறைவு. சின்னத் தொழில்காரருக்கு மலிவான வழியே இங்கே நல்ல வழியாகவும் இருப்பதை டிசைன் அறையில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

வெயிலைப் பற்றியும் அவர் சொன்னார். பழைய சலூன் கடைகளில் ஒட்டிய போஸ்டர்கள் எல்லாம் நாளடைவில் நீலம் பாரித்துப்போவதைப் பார்த்திருப்போம். சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுத்து, நீலம் மட்டும் தங்கிவிடுவதால் வருவது அது. கடை வாசலில் வெயில்படத் தொங்கப்போகும் பாக்கெட்டுக்கு எந்த நிறம் என்று முடிவுசெய்யும்போது இது தெரிந்திருக்க வேண்டும்.

கணக்குக்கு வருவோம். ஓர் உதாரணத்துக்கு, பிளேட், மெஷின் ஏற்றும் கூலி, டை எல்லாம் சேர்த்து 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 500 பெட்டி அடித்தால் பெட்டிக்கு 12 ரூபாய் இதிலேயே போய்விடும். 5,000 அடித்தால் 1 ரூபாய் 20 காசு. விலை குறைகிறதே என்று 5,000 அடித்துவிட்டு, ஆறு மாதத்தில் முகவரியோ விலையோ மாறினால் மிச்சம் அத்தனையும் பழைய பேப்பர். முதல் வருடம் அச்சில்லாத நல்ல அட்டைப்பெட்டி அல்லது பவுச் வாங்கி, அதன்மேல் ஒரே ஒரு ஸ்டிக்கரை நேர்த்தியாக ஒட்டுவது எவ்வளவோ மேல். மூலை மடங்காமல், சாயாமல், எல்லாப் பெட்டியிலும் ஒரே உயரத்தில் ஒட்டிய ஸ்டிக்கருக்கு இருக்கிற கம்பீரம், கோணலாக விழுந்த தங்க ஃபாயிலுக்கு இல்லை.

அழகு கெடுக்கும் பொருள்

வடிவமைப்பின் முதல் வேலை உள்ளே இருப்பதைக் காப்பாற்றுவது. இதை மறந்ததால் நொந்துபோனவர்களை அங்கங்கே கண்டேன். மரச்செக்கு எண்ணெயின் நிறம் தெரியட்டும் என்று நிறமற்ற பாட்டிலில் ஊற்றி வெளிச்சம் படும் அலமாரியில் வைக்கிறார்கள். ஒளி பட்டால் எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். அடர்பழுப்புக் கண்ணாடியோ தகர டின்னோ பார்க்கவும் நன்றாக இருக்கும், எண்ணெயையும் காக்கும். கடலை மிட்டாய்க்கும் கருப்பட்டிக்கும் எதிரி ஈரக்காற்று. வெறும் காகிதப் பையில் போட்டு மழைக்காலத்தில் கூரியரில் அனுப்பினால் பிசுபிசுத்துப் போய்ச் சேரும்.

அதற்காகவே கிராஃப்ட் பேப்பர் பவுச்சுகள் வந்தன. பழுப்பு நிறம், மண்ணுக்கு நெருக்கமான தோற்றம். உள்ளே கைவிட்டுத் தடவினால் தெரியும், பிளாஸ்டிக் படலம். காகிதமும் பிளாஸ்டிக்கும் ஒட்டிக்கொண்டதால் பழைய பேப்பர்காரரும் எடுப்பதில்லை. பிரித்து மறுசுழற்சி செய்வதும் சிரமம். பொருளைக் காக்க அந்தப் படலம் தேவைப்படலாம். அதில் தப்பு இல்லை. ஆனால் அந்தப் பவுச்சின்மீதே இலை படம் போட்டு 'பூமிக்கு நல்லது' என்று எழுதுவது பொய். வாங்குகிறவர் ஒருநாள் கைவிட்டுத் தடவத்தான் போகிறார்.

செட்டிநாட்டுக் கொட்டான்கள் நினைவுக்கு வருகின்றன. பனை ஓலையில் நிறமேற்றி முடையும் அந்தக் கலை கிட்டத்தட்ட மறைந்துகொண்டிருந்தபோது எம்.ஆர்.எம்.ஆர்.எம். பண்பாட்டு அறக்கட்டளை அதை மீட்டெடுத்தது. புவிசார் குறியீடும் கிடைத்தது. இன்று கல்யாணத் தாம்பூலத்துக்கு அதைக் கேட்டு வாங்குகிறார்கள். பெட்டிக்குக் கொடுக்கும் பணம் அச்சகத்துக்கோ பிளாஸ்டிக் ஆலைக்கோ போகாமல் முடைகிற பெண்ணின் கைக்குப் போகும் வழி அது. உள்ளே இருப்பதைச் சாப்பிட்டு முடித்ததும் இந்தப் பெட்டியைத் தூக்கிப் போடவும் மனசு வராது.

கூடுதல் ரூபாய் எங்கே போகிறது?

இந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியமான பகுதி இதுதான். பெட்டி மாறி விலை இரட்டிப்பானால் அந்த இரட்டிப்பு யாருக்கு? பல இடங்களில் நடப்பது இது: ஊரில் மூட்டையாக வாங்குகிறவர் நகரத்துக்குக் கொண்டுபோய் அழகான பெட்டியில் போட்டு விற்கிறார். பெட்டியில் பனையேறியின் படம் இருக்கிறது. அவருக்குக் கிடைக்கும் விலையில் மாற்றம் இல்லை. மரமேறும் தொழிலுக்கு அடுத்த தலைமுறை வராமல் போவதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம். ஏறுவதற்கு ஆள் இல்லாமல் பனை மட்டும் நின்றால் எந்தப் பெட்டியில் எதைப் போடுவது?

இதற்குள்ளேயே கலப்படமும் வருகிறது. சீனி கலந்து காய்ச்சிய கருப்பட்டிக்கு அடக்கவிலை குறைவு. அதையே கறுப்புத் தங்கப் பெட்டியில் போட்டால் நிஜக் கருப்பட்டியின் விலைக்கே போகும். பெட்டிக்குக் கொடுக்கிற மரியாதையை வாங்குகிறவர் பொருளைக் கேள்வி கேட்பதற்கும் கொடுக்க வேண்டும். எந்த ஊர்ப் பதநீர், எந்த மாதம் காய்ச்சியது, யார் காய்ச்சினார்கள் என்று மூன்று வரி பெட்டியில் இருந்தால் போதும். தங்க ஃபாயிலை எவரும் அச்சடிக்கலாம். அந்த மூன்று வரியை அச்சடித்துவிட்டுப் பொய்யாக வாழ்வது கஷ்டம்.

விலை ஏறும்போது உள்ளூரில் வாங்குகிறவர் விலகிப்போவதும் விளைவுதான். கடலூர் சின்னி கிருஷ்ணன் ஷாம்பூவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்தது, வசதியானவர்கள் பயன்படுத்துவது சாமானியருக்கும் எட்ட வேண்டும் என்ற எண்ணத்தில். அதுவும் வடிவமைப்புதான், எதிர்த்திசையில் போன வடிவமைப்பு. பரிசுப் பெட்டி ஒன்று, வீட்டு உபயோகத்துக்குச் சாதாரண ஓலைக்கட்டு ஒன்று என்று இரண்டையும் ஒரே பெயரில், ஒரே தரத்தில் வைத்திருக்கும் தொழில்காரர்கள்மீது எனக்கு மதிப்பு அதிகம்.

ஏற்கெனவே வாடிக்கையாளர் இருப்பவர்களுக்கு வேறொரு ஆபத்து. 2009-ல் அமெரிக்காவில் டிராப்பிக்கானா ஆரஞ்சுச் சாற்றின் பெட்டியை நவீனமாக மாற்றினார்கள். ஆரஞ்சுப் பழத்தில் ஸ்ட்ரா குத்திய பழைய படம் போய், ஒரு கண்ணாடி டம்ளர் வந்தது. அலமாரியில் மக்களுக்குத் தங்கள் ஜூஸ் எது என்றே தெரியவில்லை. இரண்டு மாதத்துக்குள் விற்பனை சுமார் 20 விழுக்காடு சரிந்து, பழைய பெட்டிக்கே திரும்பினார்கள். பணம் கொழுத்த நிறுவனம் தாங்கிக்கொண்டது. நாற்பது வருடமாக ஒரே ரோஸ் நிறத் தாளில் மிட்டாய் மடித்துக் கொடுக்கும் கடை தாங்குமா? அந்த ரோஸ்தான் அந்தக் கடையின் முகம். பாரிஸின் ஹெர்மேஸ் இரண்டாம் உலகப் போர்த் தட்டுப்பாட்டில் வேறு நிற அட்டை கிடைக்காமல் ஆரஞ்சு நிறத்தை எடுத்தது. இன்று அந்த ஆரஞ்சைப் பார்த்தாலே பெயரைச் சொல்கிறார்கள். தற்செயலாக வந்த நிறத்தையும் விடாமல் பிடித்துக்கொண்டால் அது சொத்தாகிவிடும்.

சொத்து என்றால் பத்திரம் வேண்டும். பெயரையும் லோகோவையும் வர்த்தக முத்திரையாகப் பதிவுசெய்ய, தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் இணையம்வழிக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். பதிவானால் பத்து ஆண்டு செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். பெட்டிக்கு அரை லட்சம் செலவழித்துவிட்டு இதைத் தள்ளிப்போட்டவர்கள், பக்கத்து ஊர்க்காரர் அதே பெயரில் ஓர் எழுத்தை மாற்றிக் கடை போட்ட பிறகுதான் வக்கீலைத் தேடுகிறார்கள்.

மறுபடியும் மாடியறை

அன்று மாலை வரை அந்த அறையில் இருந்தேன். அச்சக முதலாளி மேலே வந்து ஓலைப்பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா, இதுக்கு மேல என்னத்த டிசைன் பண்ணச் சொல்றீங்க?" என்றார். பிறகுதான் வேலை தொடங்கியது.

ஓலைப்பெட்டியே பெட்டி என்று முடிவானது. உள்ளே ஈரம் புகாத ஓர் உறை. வெளியே சுற்றிவர ஓர் அட்டைப் பட்டை. பூச்சில்லாத வெள்ளை அட்டை, ஒற்றைப் பழுப்பு மை. நடுவில் சிரட்டையைக் கவிழ்த்த மாதிரி ஓர் அரைவட்டம். அதன் கீழே 'கருப்பட்டி' என்று தமிழில். சட்ட விவரங்கள் எல்லாம் பின்பக்கம், படிக்கிற அளவில். ஆங்கிலம் அங்கே இருந்தது, அதன் அளவோடு. கிரீடம் போயிருந்தது; மூன்று ஆங்கில வார்த்தைகளும் போயிருந்தன. இளைஞர் திரையைக் காட்டியபோது இவ்வளவு வெற்றிடம் இருக்கிறதே என்று அந்தப் பெண் முதலில் தயங்கினார். "காலியா இருக்கே தம்பி?" "அதுல உங்க கையெழுத்து மாதிரி ஒண்ணு வருமக்கா" என்றார் அவர். அங்கே ஒரு சின்னக் கட்டம்: எந்த ஊர், எந்த மாதம், காய்ச்சியவர் யார் என்று ரப்பர் ஸ்டாம்பும் பேனாவும் கொண்டு ஒவ்வொரு பெட்டிக்கும் நிரப்புவதற்கு.

"ஏறுனவர் பேரும் வரணும்" என்றார் அந்தப் பெண்.

இளைஞர் இன்னொரு கோட்டைச் சேர்த்தார். கட்டம் கொஞ்சம் பெரிதானது. அரைவட்டம் கொஞ்சம் மேலே போனது. அந்தப் பெண் 500 பட்டைக்கு அட்வான்ஸ் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டு, கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார். அளவெடுக்க வேண்டும் என்று ஓலைப்பெட்டியை அங்கேயே வைத்துவிட்டுப் போனார். கீழே இருந்து மெஷின்காரப் பெரியவர் மேலே வந்து, மூடியைத் திறந்து ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, "உடன்குடிதான்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.